மெட்டியும் வரி வரியாய் ஒரு சாக்ஸும்

தை மாசம், ஊட்டியில் கல்யாணம், அதுவும் விடியற்காலை 4.30–6 முகூர்த்தம். நாள் குறித்த ஜோசியர் கோயம்புத்தூர்க்காரர், அவருக்கென்ன போச்சு? 7,000 அடி உயரத்தில் அந்த நேரத்துக்குப் புல்லெல்லாம் உறைபனி பூத்து வெள்ளையாகக் கிடக்கும். மண்டபத் தரை வேறு மொசைக்.

"பொண்ணுக்குக் கால் விறைச்சுப் போயிடும்" என்று குன்னூர் அத்தை சாக்ஸ் பின்னிவிட்டார். எங்கள் எல்லோருடைய ஸ்வெட்டரிலும் மிஞ்சிய உல்லன் உருண்டைகளை வைத்து. அப்பாவின் பாசிப்பச்சை, என் மெரூன், யாருமே போட மாட்டேன் என்ற ஆரஞ்சு, அரை அங்குலத்துக்கு ஒரு நிறம். அக்கா பார்த்துவிட்டு, "புடவை மறைச்சிடும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ஐயருக்குத்தான் பொறுக்கவில்லை. ஹோமத் தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும் என்றார். அத்தை வாயே திறக்காமல் ஒரு இழையைக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டினார். முடி பொசுங்குகிற நாற்றத்தோடு சுருண்டு, தானே அணைந்துவிட்டது. நசுக்கினால் வெறும் கரித்தூள். "அசல் ஆட்டு ரோமம் சாமி, எரியாது. உங்க மங்கி குல்லாதான் அக்ரிலிக். உருகி ஒட்டிக்கும், நீங்க தள்ளி உக்காருங்க."

அதோடு முடிந்திருக்கும். ராத்திரி பந்தியில் சித்தி ரசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "ஆமா, மெட்டியை எதுமேல போடறது?"

பந்தியே கப்சிப். மாமா கத்தரிக்கோல் எடுக்கப் போனார். அத்தை முறைத்த முறைப்பில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அத்தை பின்னலைக் கணுக்காலில் ஆரம்பித்து விரல் பக்கம் முடித்திருந்தார். பின்னல் கடைசியில் முடித்த இடத்திலிருந்துதான் சுலபமாகப் பிரிந்து வரும். நுனி முடிச்சை அவிழ்த்து இழுக்க, ஆரஞ்சு சரசரவென்று போய்ச் சேர்ந்தது. விரல் இடுக்கு வரை பிரித்து, கண்ணிகளை ஊசிகளில் கோர்த்து, தளர்வாக முடித்துக் கொடுத்தார். இப்போது ஐந்து விரலும் வெளியே. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் வேலை நடக்கும்.

அம்மி மிதிக்கும் நேரம் வந்தது. மாப்பிள்ளை குனிந்து அக்கா காலைத் தூக்க, புடவை விலகி, மொத்த வானவில்லும் சபைக்குத் தெரிந்தது. சம்பந்தி வீட்டு வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. வீடியோக்காரர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார். மெட்டி ஏறிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் காலை விடுவதாக இல்லை.

"தம்பி, மெட்டி போட்டாச்சு, விடலாம்" என்றார் ஐயர்.

"ஒரு நிமிஷம் சாமி, கை விறைச்சுப் போச்சு. கொஞ்சம் சூடேறட்டும்."