பிருகந்நளை ஆடிய வழியில்: பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் சந்நிதியில்

கிழக்கிலங்கையின் பாண்டிருப்புத் திரௌபதை அம்மனின் திருக்கதவு திறந்துவிட்டால் மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் அடியார் கூட்டம் தெற்கே போகத் தொடங்கிவிடும். அக்கூட்டத்தில் திருநங்கை அக்காமார் சிலருடன் நானும் போயிருந்தேன்.

18 நாள் சடங்கு பாரதக் கதையின் வழியே நடந்து, வனவாசமும் அருச்சுனன் தவநிலையும் கடந்து தீமிதிப்பில் நிறைவடையும். அக்கதையில் என் மனம் எப்போதும் தங்குமிடம் விராட நகரம். காண்டீவத்தை வன்னி மரத்தில் மறைத்துவிட்டுப் பிருகந்நளையாகி, உத்தரைக்கு ஆடலும் பாடலும் பயிற்றியவன் அருச்சுனனே. அவன் மகன் அரவானை நினைத்தே தமிழ்நாட்டின் கூவாகத்தில் சித்திரையில் திருநங்கையர் தாலி கட்டி, மறுநாள் அதை அறுத்து ஒப்பாரி வைக்கின்றனர். இந்த அம்மனின் வீதியில் ஆட இவர்களைவிட உரித்துடையோர் யார்?

பூசை முடிந்தபின் வெளிவீதியில் மூத்த அக்கா உடுக்கை எடுத்தார். நடுக்கயிற்றை விரல்கள் இறுக்கவும் தளர்த்தவும் ஒலி ஏறி இறங்க, மஞ்சள் பூசிய பாதங்கள் அதற்கு ஈடாக மண்ணை மிதித்தன. இளையவள் ஒருத்தி கூச்சத்துடன் ஒதுங்கி நிற்க, "பின்னுக்கு நிக்காத புள்ள, முன்னுக்கு வந்து ஆடு" என்று ஊர்ப் பெரியம்மா ஒருவர் கையைப் பிடித்து இழுத்துவந்தார். பெண்கள் குரவையிட்டார்கள்.

கூத்துக் களரியில் ஆண் கட்டும் பெண் வேடத்தை விடியவிடிய மெச்சும் நம் ஊர்கள், களரிக்கு வெளியே அதே நளினத்தைக் கண்டால் ஏசுகின்றன. அக்கா வீட்டைவிட்டு விரட்டப்பட்டதும் அதனால்தான். 1883 இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தற்பால் உறவை இன்னும் குற்றமாக்குகின்றன. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதற்குள் இழுத்தது. அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்த பின்னரும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை.

ஆகவே இவர்கள் அம்மனுக்குப் பாடும் கும்மி மெட்டிலேயே அப்பிரிவுகளை நீக்கக் கோரும் வரிகளைக் கட்டி, மட்டக்களப்பில் உரிமைக் கூட்டங்களிலும் பாடுகிறார்கள். ஆட்டம் பழகக் கூடும் வீட்டில் ஒரே பானையில் சோறு வேகிறது. நோயுற்றவளுக்கு மருந்து வாங்குவதும், வீதியில் அடிபட்டவளைப் பொலிசுக்கு அழைத்துச் சென்று முறைப்பாடு எழுதுவிப்பதும் அந்த வீட்டார்தான். நேர்த்திக்காகத் தீ மிதிக்க நோன்பிருந்த ஒருத்திக்குத் துணையாக முழு வீடுமே மரக்கறிச் சோற்றுடன் இருந்தது.