பிரசவ அறையில் ஒத்திகை: 14 ஆம்ப்யூல்களும் ஒரு சாவியும்

ஒன்பது ஆண்டுகள் ஆண்கள் மருத்துவ வார்டில் செவிலியராகப் பணியாற்றிய எனக்கு, 2022-இல் மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்கு இடம் கிடைத்தபோது இருந்த மகிழ்ச்சி, பணியில் சேர்ந்த அன்று காலையிலேயே பாதியாகக் குறைந்துவிட்டது. செவிலியர் கண்காணிப்பாளர் டியூட்டிப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "லேபர் ரூம்லதான்மா ஆள் பத்தல" என்று சொல்லி என் பெயரை அங்கே எழுதிவிட்டார். மாரடைப்பு, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர்கள் என எத்தனையோ பேரைப் பார்த்துப் பழகிய கைகள்தான். ஆனால் பிரசவம் என்றால், படிக்கும் காலத்தில் கேஸ் புத்தகத்தை நிரப்புவதற்காகப் பார்த்தவையே என் அனுபவம். அவையும் எந்தச் சிக்கலும் இல்லாத பிரசவங்கள்.

பிரசவ அறையின் சிரமம் அதுதான். பெரும்பாலான நாள்களில் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். வலிப்பு வருவதும், குழந்தையின் தலை வெளியே வந்தபின் தோள் சிக்கிக்கொள்வதும், தொப்புள்கொடி முன்னால் சரிந்து வருவதும் அரிது. ஆனால் வரும்போது முன்னறிவிப்பின்றி வரும். நமக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், முதல் முறை பார்ப்பதே ஓர் உயிர் போகும் தருணமாக இருந்துவிடக்கூடும். அதனால்தான் என்னைப் போல் புதிதாக வந்தவர்களைத் திறன் பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. பணியில் சேர்ந்த மூன்றாவது வாரத்தில், நான்கு நாள் பயிற்சிக்காகப் பக்கத்து மாவட்டத்துக்குப் போனேன்.

உண்மையைச் சொன்னால், பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லாமல்தான் போனேன். பவர்பாயிண்ட், மதிய உணவு, சான்றிதழ் என்று முடிந்துபோன பயிற்சிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அறைக்குள் நுழைந்ததும் மேசைகளின் மேல் பொம்மைகள் படுத்திருந்தன. நெஞ்சழுத்தப் பயிற்சிக்கான பொம்மையைக் காட்டி, 1960-இல் நார்வேயில் ஓஸ்முண்ட் லேர்டால் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் இதை உருவாக்கினார் என்றும், பாரிஸின் சீன் ஆற்றில் இறந்து கிடந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முக அச்சே அதற்கு முகமானது என்றும் பயிற்சியாளர் சொன்னார். விளையாட்டுப் பொம்மை செய்தவரின் கைவேலை எங்கள் தொழிலுக்குள் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதல் நாள் பச்சிளம் குழந்தைக்கு மூச்சு கொடுப்பது. பிறந்து அழாத குழந்தையைத் துடைத்து, தூண்டி, அப்போதும் மூச்சு வராவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பேக் எனும் கையால் அழுத்தும் பையால் காற்று செலுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் நான் எவ்வளவு அழுத்தியும் பொம்மையின் நெஞ்சு எழும்பவில்லை. மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிந்துகொண்டிருந்தது. கழுத்தை அதிகமாகப் பின்னால் சாய்த்துவிட்டேன் என்பது பயிற்சியாளர் வந்து தலையைச் சற்றே சரிசெய்தபோதுதான் புரிந்தது. பெரியவர்களுக்குச் செய்து பழகிய கை, ஒரு குழந்தையையும் பெரியவர்போலவே சாய்த்திருந்தது.

இரண்டாம் நாள் நடந்ததை நான் மறக்கவே முடியாது. ஒரு மேசையில் சிவப்புச் சாயநீர் ஊறிய பேடுகள், மாப்புத்துணிகள், ஒரு கிட்னி டிரே, நனைந்த பெட்ஷீட் ஆகியவற்றை வைத்து, மொத்தம் எவ்வளவு ரத்தம் என்று ஒவ்வொருவரையும் தாளில் எழுதச் சொன்னார்கள். நான் 350 மில்லி என்று எழுதினேன். ஊற்றியது 800 மில்லி. பதினாறு பேரில் ஒருவர்கூடக் கூடுதலாக எழுதவில்லை. எல்லோருமே குறைத்துத்தான் எழுதியிருந்தோம். பிரசவத்துக்குப் பின் 500 மில்லியைத் தாண்டினாலே அதை அதிக உதிரப்போக்கு என்று வைத்துச் செயல்பட வேண்டும். அதாவது, எங்கள் கண்ணை நம்பியிருந்தால் அந்தத் தாய்க்கு நாங்கள் இன்னும் உதவி கேட்டே இருக்க மாட்டோம். அளவுக்கோடுகள் போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்து ரத்தத்தை அளப்பது ஏன் முக்கியம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வில், இந்த விரிப்பால் அளந்து, சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே தொகுப்பாகக் கொடுத்தபோது, கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன என்று பின்னாளில் படித்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை. அந்த மேசையை நான் பார்த்திருந்தேன்.

பிறகு உண்மையான ஒத்திகை. பயிற்சியாளர்களில் ஒருவர் வயிற்றின் மேல் ஒரு செயற்கைக் கருப்பையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் தாயாகப் படுத்துக்கொண்டார். அதற்குள் குழந்தை, நஞ்சுக்கொடி, சாயநீர்ப் பை எல்லாம் இருந்தன. கருப்பை இறுகுவதையும் தளர்வதையும் ரத்தம் எவ்வளவு வேகமாக வழிய வேண்டும் என்பதையும் படுத்திருப்பவரே கையால் கட்டுப்படுத்துவார். நாங்கள் நான்கு பேர்; தலைமை என் பொறுப்பு. நஞ்சுக்கொடி வந்தாயிற்று, கருப்பை தளர்ந்திருக்கிறது, ரத்தம் நிற்கவில்லை. வயிற்றின் மேல் கைவைத்துத் தேய்த்தபடி, "யாராவது ஆக்ஸிடோசின் எடுங்க, யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க, சலைன் ஓடட்டும்" என்று குரல் கொடுத்தேன். ஆக்ஸிடோசின், கருப்பையை இறுகவைத்து ரத்தத்தை நிறுத்தும் மருந்து. எனக்கு எல்லாம் சரியாகச் சொன்னதாகவே தோன்றியது.

முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசினோம். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்ற உறுதியோடுதான் அந்தப் பேச்சு தொடங்கும். யாரையும் குறைசொல்வதற்கு அது இடமல்ல. கைப்பேசியில் எடுத்த பதிவைப் பார்த்தபோது, நான் "யாராவது" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்தது. டாக்டரைக் கூப்பிட இரண்டு பேர் ஓடினார்கள். ஆக்ஸிடோசின் எடுக்க ஒருவரும் போகவில்லை. பெயர் சொல்லி வேலை கொடுப்பதும், கேட்டவர் அதைத் திரும்பச் சொல்வதும், செய்து முடித்ததும் "பத்து யூனிட் தசையில போட்டாச்சுக்கா" என்று உரக்கச் சொல்வதும் அன்று முதல் எங்களுக்குப் பழக்கமாயின. இதில் மருத்துவ அறிவு என்று எதுவும் இல்லை. இருந்தும், இரண்டாவது சுற்றில் எங்களுக்கு மிச்சமான நேரம் முழுவதும் இதனால் வந்ததுதான்.

இரண்டாவது சுற்றில் வேறொரு பொறி வைத்திருந்தார்கள். முதல் மருந்துக்கு ரத்தம் நிற்கவில்லை என்றதும் நான் அடுத்த மருந்தான கார்போப்ராஸ்ட் எடுக்கச் சொன்னேன். ஊசி ஏறியாயிற்று என்று தோழி சொன்ன பிறகுதான் படுத்திருந்தவர், "சிஸ்டர், எனக்குச் சின்ன வயசுலேர்ந்து வீசிங் இருக்கு" என்று முனகினார். ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த மருந்து ஆகாது. ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு, அதே வேலையைச் செய்யும் மெத்தர்ஜின் ஆகாது. இரண்டும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயங்கள். தாயிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பொம்மை ரத்தம் என்றாலும் அன்று இரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் பேறுகால வலிப்பு. அதற்கான மருந்து மெக்னீசியம் சல்ஃபேட். அதன் முதல் டோஸில் 4 கிராம் நரம்பு வழியாக மெதுவாகவும், 10 கிராம் இரண்டு பிட்டங்களிலும் பிரித்தும் செலுத்த வேண்டும். நம்மிடம் இருக்கும் ஆம்ப்யூல் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக்குப்பி) ஒவ்வொன்றும் 2 மில்லி, 1 கிராம். மொத்தம் 14 ஆம்ப்யூல்கள். இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிக்கும்போது அது வெறும் கணக்கு. ஒருத்தி வலிப்பில் துடிக்க, ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆக்ஸிஜன் வைத்து, நடுங்கும் விரல்களால் 14 கண்ணாடிக் கழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்து மருந்தை ஏற்றும்போது அது வேறு. எனக்கு ஏழு நிமிடங்கள் ஆயின. இரண்டு ஆம்ப்யூல்கள் நசுங்கி, விரலும் கிழிந்தது. நரம்பில் போடவேண்டிய 8 மில்லியோடு 12 மில்லி நீர் சேர்த்து 20 மில்லியாக்க வேண்டும் என்பதை ஒரு கணம் மறந்தே போனேன். முழங்கால் துடிப்பு, மூச்சு, சிறுநீர் ஆகியவற்றைப் பார்க்காமல் அடுத்த டோஸ் கூடாது, மருந்து அதிகமாகிவிட்டால் முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கையால் செய்து கற்றேன்.

நான்காம் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேர்வு வைத்தார்கள், தேறினோம், சான்றிதழ் வந்தது.

எனக்குப் பெரிய பாடம் ஊர் திரும்பிய பிறகுதான் கிடைத்தது. எங்கள் மகப்பேறு மருத்துவர், பயிற்சிக்கூடத்தில் செய்ததை எங்கள் லேபர் ரூமிலேயே, எங்கள் ஆள்களை வைத்து, எங்கள் டிரேயோடு செய்து பார்க்கலாம் என்றார். பொம்மை கிடையாது. ஆயாம்மா ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டார். ஒரு சலைன் பையில் சிவப்புச் சாயம் கலந்தோம். மதியம் இரண்டரை மணிக்கு, டியூட்டி மாறிய கையோடு, முன்கூட்டிச் சொல்லாமல் தொடங்கினோம்.

ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்பதால் அது சிஸ்டர் அறைக் குளிர்பெட்டியில் இருந்தது. குளிர்பெட்டிக்குப் பூட்டு. சாவி காலை டியூட்டிப் பொறுப்பு சிஸ்டரின் கைப்பையில். அவரோ பேருந்து நிறுத்தத்தில். நான்கு நிமிடங்களில் சாவி வந்தது. வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) டிரேயைத் திறந்தால் எல்லாமே பிங்க் நிறம், சிறிய அளவு. ரத்தம் வேகமாக ஏற்றத் தேவையான, பெரிய அளவிலான பச்சையும் சாம்பல் நிறமும் ஸ்டோரில்தான். ரத்த வங்கிக்கு ஓட வேண்டியவருக்கு எந்தப் படிவம் என்று தெரியவில்லை. எங்களில் யாருக்கும் பாடம் தெரியாமல் இல்லை. அறைதான் அவசரத்துக்குத் தயாராக இல்லை. அதை எந்த வகுப்பும் எங்களுக்குக் காட்டியிருக்காது.

அன்று மாலையே ஒரு பழைய தடுப்பூசிப் பெட்டியைக் கழுவி, உதிரப்போக்குப் பெட்டி என்று எழுதி, தேவையானவற்றை அதில் வைத்தோம். வலிப்புக்குத் தனியாக ஒரு டப்பா: 14 ஆம்ப்யூல்களும் சிரிஞ்சுகளும் கலக்கும் அளவு எழுதிய அட்டையும். குளிர்பெட்டிச் சாவி சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடப்பட்டது. ஆடிட்டுக்கு வந்த ஒருவர் அது பாதுகாப்பில்லை என்று எழுதிவிட்டுப் போனார். சாவி இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது.

இன்னொரு வகை ஒத்திகையையும் சொல்லியாக வேண்டும். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-இல் தொடங்கப்பட்ட லக்ஷ்யா திட்டத்தின் மதிப்பீட்டுக்குக் குழு வரும்போது ஒத்திகை செய்து காட்ட வேண்டியிருக்கும். நல்ல நோக்கம்தான். ஆனால் நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், யார் எந்த வசனம் பேசுவது என்று முதல் நாளே பிரித்துக் கொடுத்து, தவறே நடக்காத நாடகம் ஒன்றை அரங்கேற்றினார்கள் என்று அங்கிருந்த தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். தவறு நடக்காத ஒத்திகையில் யாருக்கும் எதுவும் கிடைக்காது. எங்கள் வார்டில் மாதம் ஒருமுறை இருபது நிமிடங்கள் செய்கிறோம். விலை உயர்ந்த பொம்மை ஒன்று வருவதைவிட இந்த இருபது நிமிடங்கள் தடைபடாமல் இருந்தால் போதும் என்பதே என் எண்ணம். நான்கு மாதம் விட்டுப்போனால் கை மறந்துவிடுகிறது, எனக்கே மறந்தது.

2023-ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு, தலைப்பிரசவத்துக்காக 36 வாரத்தில் ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். தலைவலி என்றாள், கண் மங்குகிறது என்றாள். ரத்த அழுத்தம் 170/110. பட்டையை அவிழ்க்கும் முன்பே வலிப்பு வந்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் நின்றவரிடம், "கவிதா, டப்பாவ எடு. டூட்டி டாக்டர நான் கூப்பிடுறேன்" என்றேன். "டப்பா எடுக்குறேன்கா" என்று பதில் வந்தது. எதிரும் புதிருமாக நின்று ஆளுக்கு ஏழு ஆம்ப்யூல்களை உடைத்தோம். மருத்துவர் வந்தபோது நரம்பு வழி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். அன்று என் கை நடுங்கவில்லை என்று சொன்னால் அது பொய். நடுங்கியது. ஆனால் அடுத்து என்ன என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

சென்ற மாத ஒத்திகையில் தாயாகப் படுக்கும் முறை எனக்கு வந்தது. சாயப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தேன். மேலே விளக்கு, சுற்றிலும் முகக்கவசங்கள். பெயர் சொல்லி வேலை கொடுத்தார்கள், சொன்னதைத் திரும்பச் சொன்னார்கள், மருந்து நேரத்துக்கு வந்தது. எல்லாம் சரியாகவே நடந்தது. ஆறு நிமிடங்கள் ஆகியிருக்கும். அதுவரை என் முகத்தைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வட்டமாக உட்கார்ந்ததும் நான் முதலில் சொன்னது அதைத்தான். புதிதாக வந்திருந்த பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள்: தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும்.