ராத்திரி நெஞ்செரிச்சல்
ஆறு மாசமா வாரத்துக்கு 3, 4 ராத்திரி இதே பாடுதான், 1 மணிக்கு புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் ஏறி முழிப்பு வந்துரும், அப்புறம் விடியிற வரைக்கும் செவுத்துல சாஞ்சே உக்காந்திருப்பேன். கடைய அடைச்சுட்டு பத்தரை மணிக்கு மேல சிம்மக்கல் பக்கம் பரோட்டாவுல சால்னாவ ஊத்தித் தின்னுட்டு வந்து அப்படியே படுத்தா வேற என்ன ஆகும்? உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவுல வால்வு மாதிரி ஒரு தசை இருக்கு, அது லூசானா ஆசிட் மேல ஏறிருதுன்னு டாக்டர் படம் போட்டுக் காட்டுனாரு.

இப்ப ஏழரைக்கே வீட்டுலருந்து டிபன் பாக்ஸ்ல இட்லி வந்துருது, படுக்குறதுக்கு 3 மணி நேரம் முன்னாடியே சாப்பாடு முடிஞ்சுரும். கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில ரெண்டு ரெண்டு செங்கல் வச்சிருக்கேன், 6 இன்ச் ஒசந்துருச்சு (தலகாணிய அடுக்காதீங்க, வயிறு மடங்கி இன்னும் மோசமாகும்). இடது பக்கமாத்தான் ஒருக்களிச்சுப் படுக்குறேன். ஜிகர்தண்டா குடிச்சா குளுகுளுன்னுதான் இருக்கு, ஆனா பாலு, ஐஸ்கிரீம் எல்லாம் கொழுப்புல்ல, எனக்கு கொஞ்ச நேரத்துல திரும்ப எரியுது.

சாப்பாடு முழுங்க சிரமமா இருந்தாலோ எடை குறைஞ்சாலோ மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டு தள்ளிப் போடாதீங்க மக்கா, நெஞ்சு வலி கைக்கு, தாடைக்குப் பரவுச்சுன்னா கேஸுன்னு நெனைக்காம ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.