இடது வீலுக்கு மட்டும் சீலன்ட்: அலாய் வீல் சுத்தம், இதுவரை

காரின் முன் வீல்கள் இரண்டும் கறுத்துப் போயிருந்தன. பின்னால் இருப்பவை பரவாயில்லை. பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். பேடும் டிஸ்க்கும் உரசித் தேய்கிற தூசு முழுக்க அங்கேயே படிகிறது. பழைய வெள்ளி நிறம் திரும்ப வேண்டும், மேல்பூச்சுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சாதிக்க முடிகிறதா என்று பார்க்கத்தான் இந்த முயற்சி.

எந்த பாட்டிலையும் திறப்பதற்கு முன், வீலின் மேல் இருப்பது என்ன பூச்சு என்று பார்த்துக்கொண்டேன். சோதனை எளிது. கண்ணில் படாத ஒரு மூலையை நன்றாகக் கழுவிக் காயவைத்து, வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் தொட்டு லேசாகத் தேய்க்க வேண்டும். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, இருக்கிறது. என்னுடையது கறுக்கவில்லை. ஆக, நான் சுத்தம் செய்யப் போவது உலோகத்தை அல்ல, அதன்மேல் இருக்கும் மெல்லிய லேக்கரை. இது தெரிந்ததும் பாதிக் குழப்பம் போய்விட்டது. பாத்திரம் தேய்க்கும் நார், கம்பி நார், தரை கழுவும் ஆசிட் எல்லாம் பட்டியலிலிருந்து அப்போதே வெளியே.

வெறும் அலுமினியம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதை அமிலமும் அரிக்கும், காரமும் அரிக்கும். எலுமிச்சையும் வினிகரும் இயற்கையானவைதானே என்று தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அவையும் அமிலம்தான். மேட் பூச்சு வீல் வைத்திருப்பவர்கள் பாலிஷ் பக்கமே போகக்கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டுத்திட்டாகிவிடும்.

சரி, முதல் சுற்று. வண்டியை நிழலில் நிறுத்தி, வீலைத் தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட்டேன். சூட்டில் மருந்து காய்ந்து கறையாகிவிடும். கொதிக்கிற பிரேக் டிஸ்க்கில் குளிர்ந்த நீர் அடிப்பதும் நல்லதில்லை. முதலில் வெறும் நீர், அப்புறம் கார் ஷாம்பு. வீலுக்கென்று தனி வாளி, தனித் துணி. அந்தத் துணி பாடியைத் தொடவே கூடாது. இரும்புத் துகள் ஏறிய துணியால் கதவைத் துடைத்தால் கோடு கோடாகக் கீறிவிடும். ஸ்போக் இடுக்குகளுக்கு மென்மையான பிரஷ், நட் குழிகளுக்கு ஒரு சின்ன பிரஷ். ஒரு வீலை முடித்து அலசிய பிறகே அடுத்தது.

ஷாம்பு போட்ட பிறகும் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் அப்படியே நின்றன. சூடாகப் பறந்து வந்த இரும்புத் துகள்கள் லேக்கரில் பதிந்து, ஈரம் பட்டுத் துருப்பிடித்திருக்கின்றன. நகத்தால் தடவினால் சொரசொரப்பு தெரிகிறது. இதைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் துகளோடு பூச்சும் சேர்ந்து கீறும், கரைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு அயர்ன் ரிமூவர். அமிலம் இல்லாத, நடுநிலை வகையாகப் பார்த்து வாங்கினேன். உள்ளே இருப்பது தயோகிளைகோலேட். முடியைச் சுருட்டும் லோஷனில் இருக்கும் அதே குடும்பம். நாற்றமும் அதேதான், அழுகிய முட்டை. கையுறை கட்டாயம், திறந்த வெளி கட்டாயம்.

தெளித்த சற்று நேரத்தில் வீல் முழுக்க ஊதா நிறம் வழிய ஆரம்பித்தது. மருந்து இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. பார்க்க ஏதோ வித்தை மாதிரி இருக்கும், ரசித்துக்கொண்டே நின்றுவிடக் கூடாது. லேபிளில் போட்டிருக்கிற சில நிமிடங்களுக்குள், காய்வதற்கு முன், அலசிவிட வேண்டும். புள்ளிகளில் பெரும்பாலானவை போயின. மிச்சத்துக்கு இன்னொரு முறை தெளித்தேன். ஊதா வராமல் கறுப்பாகவே நின்ற சில துளிகள் தார். அதற்குத் தனியாகத் தார் ரிமூவர், அதையும் துணியில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் ஒற்றினேன். வீலின் உட்புறம் ஒட்டியிருக்கும் பேலன்ஸிங் எடைகளுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவில்லை. பசை இளகி எடை விழுந்தால் ஸ்டியரிங் நடுங்கும்.

இங்கிருந்துதான் எனக்குச் சுவாரசியமான பகுதி. சுத்தமான இரண்டு முன் வீல்களில் இடதுக்கு மட்டும் பாலிமர் சீலன்ட், அதாவது அழுக்கு ஒட்டிப் பிடிக்காமல் காக்கும் மெல்லிய பூச்சு, போட்டேன். வலது அப்படியே. வேக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் சூடு. கார்னாபா மெழுகு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே உருகத் தொடங்கும், பிரேக்குக்குப் பக்கத்தில் அது அதிக நாள் தாங்காது. சீலன்ட்டை மெல்லிதாகப் பூசி, காயவிட்டு, துடைத்தேன். அன்று நீர் படாமல் பார்த்துக்கொண்டதோடு சரி.

வழக்கமான ஓட்டம், நடுவில் மழை, சேறு. இரண்டிலும் தூசு படிந்தது, அதில் வித்தியாசமே இல்லை. சீலன்ட் போட்டால் அழுக்கே வராது என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். வித்தியாசம் கழுவும்போது தெரிந்தது. இடது வீலில் குழாய் நீர் அடித்ததுமே பாதிக்கு மேல் போனது. மிச்சத்துக்கு ஷாம்பு நனைத்த துணி போதும். வலதில் அதே பழைய கதை, பிரஷ் இல்லாமல் இடுக்கு விடவில்லை. சீலன்ட் இருந்தால் நீர் முத்து முத்தாக நிற்கும். சில கழுவல்களுக்குப் பிறகு இடதில் அது குறைந்தது. சீலன்ட் போய்விட்டதோ என்று பார்த்தால், நன்றாக ஷாம்பு போட்டதும் முத்துகள் திரும்பின. மேலே அழுக்குப் படலம் மூடியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது வாராவாரம் ஷாம்பு மட்டும். அயர்ன் ரிமூவரை ஆரஞ்சுப் புள்ளி திரும்பக் கண்ணில் பட்டால்தான் எடுப்பேன். கழுவி முடித்ததும் வண்டியை மெதுவாக ஓட்டி சில முறை பிரேக் அழுத்துகிறேன், டிஸ்க்கில் ஈரத்தோடு உட்கார்ந்த மெல்லிய துரு போய்விடுகிறது. டயரைப் பளபளப்பாக்கும் டயர் டிரெஸ்ஸிங்கை, டயரின் பக்கச் சுவரில் மட்டும் துணியால் தடவுகிறேன். ஸ்பிரே அடித்தால் டிஸ்க்கில் படும், அது விளையாட்டில்லை.

வலது முன் வீலின் விளிம்பில் நடைபாதைக் கல் உரசிய வடு ஒன்று உண்டு. அங்கே லேக்கர் உடைந்து, அடியில் வெள்ளைப் புழு நெளிவது போல அரிப்பு ஊர்ந்திருக்கிறது. இதை எந்த மருந்தும் சரிசெய்யாது. தேய்த்து, பிரைமர் கொடுத்து, மறுபடி லேக்கர் அடிக்க வேண்டும். அதற்கு வீலைக் கழற்றும்போதே நான்கின் உட்புறத்தையும் பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன். திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, சரியான அளவுக்கு இறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கார் கையேட்டில் இருக்கிறது. ரெஞ்ச் கைக்கு வந்ததும் அந்த வேலை.