அக்காவின் குளிசை

கச்சான் காற்றுக்கு மட்டக்களப்பில் எல்லோருக்கும்தான் வியர்க்கும். என் அக்காவுக்கு மாரி மழையிலும் வியர்த்தது. நடுச்சாமத்தில் எழும்பி, நனைந்த சட்டையை மாற்றிவிட்டு ஃபேனுக்குக் கீழே இருப்பா. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைவதால் வருவது இது. "எல்லாப் பொம்பிளையளும் தாங்கினதுதானே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

டொக்டர் ஈஸ்ட்ரோஜன் குளிசை எழுதினார். கர்ப்பப்பை இருப்பதால், அதன் உட்சுவரில் புற்றுநோய் வராமலிருக்க புரொஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹோர்மோனும் சேர்த்து. இப்படிச் சேர்த்துப் போட்டால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடும் என்று 2002இல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்ன பிறகு இதற்குப் பயந்தவர்கள் ஏராளம். ஆனால் 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பெரும்பாலும் ஆபத்தைவிட நன்மைதான் கூட. மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டியோ வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள். அதனால் மச்சாளுடைய குளிசையை வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். அப்புறம், மாதவிடாய் நின்றபின் திரும்ப இரத்தம் பட்டால் உடனே போய்க் காட்டுங்கள்.