டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு: ஒருவழியாக வட்டத் துளை

என் 1884 மாடல் டிராப்டோர், அதாவது மேலே கீல்கதவைத் திறந்து ஒவ்வொரு தோட்டாவாகப் போடும் பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கி, 100 கஜத்தில் குறித்தாளில் வட்டத் துளை போட்டுவிட்டது! இதுவரை தாளில் விழுந்தவை எல்லாம் குண்டு பறக்கும்போதே புரண்டு பக்கவாட்டில் மோதிய நீளக் கிழிசல்கள். இப்போது ஐந்து குண்டுகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்குகின்றன. நூற்றாண்டைக் கடந்த ராணுவத் துப்பாக்கி இப்படிச் சுடுவதைப் பார்க்க அத்தனை பெருமையாக இருக்கிறது.

தகராறு முழுவதும் குண்டின் விட்டத்தில்தான். இதன் தோட்டா வகையான .45-70க்கு என்று கடையில் விற்கும் கெட்டி ஈயக் குண்டுகள் 0.458 அங்குலம். குண்டைச் சுழலவைக்க என் குழலுக்குள் திருகலாக வெட்டிய பள்ளங்களின் விட்டமோ 0.461. இந்த அளவை எடுப்பதே பெரும்பாடு. டிராப்டோர் குழலில் மூன்றே பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் எதிரே ஒரு மேடு. மென்ஈயத் துண்டைக் குழலுக்குள் செலுத்தி வெளியே எடுத்தாலும் சாதாரண மைக்ரோமீட்டர் அதன் உண்மையான விட்டத்தைக் காட்டாது. வி வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டரை இரவல் வாங்கித்தான் அளந்தேன். எந்தக் குழலுக்கும் பொருந்தும் என்று சொல்லி அந்தக் கெட்டிக் குண்டுகளை விற்றவர் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கெட்டி ஈயம் விரிந்து கொடுக்காது. பள்ளத்தைப் பிடிக்காத குண்டு எப்படிச் சுழலும்?

ராணுவம் அன்றே இதற்கு வழி வைத்திருந்தது. பழைய 405 கிரெயின் (கிரெயின் என்பது குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிற்றெடை) குண்டின் அடியில் ஒரு குழி உண்டு. மருந்து வெடிக்கும் வேகத்தில் அந்த ஓரம் விரிந்து பள்ளங்களை நிரப்பிவிடும். அப்படிக் குழியுள்ள குண்டை வார்க்கும் லீ நிறுவனத்தின் அச்சை வாங்கி, 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து வார்த்தேன். குழியை உண்டாக்கும் முளை நன்றாகச் சூடேறாதவரை குண்டின் ஓரம் சுருங்கித்தான் வரும். அச்சு மட்டும் சூடானால் போதாது. முளையையும் உருகிய ஈயத்தில் முக்கி வைத்துவிட்டு வார்க்க வேண்டும். அதன்பின் கண்ணாடி போல வழவழவென்று விழுந்தன. ஓரத்தில் சிறு மடிப்பு தெரிந்தாலும் அதைத் திரும்ப உருக்கிவிடுகிறேன். அந்த ஓரம் கோணினால் குண்டும் கோணும்.

கருமருந்து (பழைய காலத்துப் புகை கக்கும் வெடிமருந்து) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய பித்தளைத் தோட்டா உறைகளின் அடி தடிமனானது என்பதால் பழைய அளவான 70 கிரெயின் மருந்து அமுக்காமல் உள்ளே போகாது. நீண்ட குழாய் வழியாக மெதுவாகக் கொட்டி, இடைவெளி இல்லாமல் குண்டை இறக்குகிறேன். தேன்மெழுகும் மாட்டுக் கொழுப்பும் கலந்த பூச்சுதான் கரியை இளக்கமாக வைத்திருக்கிறது. புதிய லீவர் துப்பாக்கிகளுக்கான கடுமையான .45-70 தோட்டாக்களை மட்டும் இந்தக் கீல்கதவுக்குள் யாரும் போட்டுவிடாதீர்கள்.

சுட்ட உறைகள் ஒன்றுகூடச் சிக்காமல் வெளியே வந்து விழுகின்றன. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கப் பழங்குடியினரிடம் தோற்ற கஸ்டரின் ஏழாவது குதிரைப்படையிடம் இருந்தவை செப்பு உறைகள். சூடான கார்பைனுக்குள் (குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கி) அவை ஒட்டிக்கொண்டால் கத்தியால்தான் நெம்பி எடுக்க வேண்டும். அந்தத் தோல்விக்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் பித்தளையின் அருமை கையில் எடுத்துச் சுடும்போது தெரிகிறது.

இனி உயரம்தான் பாக்கி. குறிபார்க்க உதவும் பஃபிங்டன் பின்குறியை முழுக்கத் தாழ்த்தினாலும் குண்டுகள் குறிக்கு ஓர் அடி மேலே போகின்றன. இந்த மாடலின் பிறவிக் குணம் அது. முன்குறி உயர்ந்தால் குண்டு கீழே இறங்கும் என்பதால், முன்குறித் தகட்டை ஆணியோடு கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, உயரமான பித்தளைத் தகடு ஒன்றை அராவிப் பொருத்தப் போகிறேன்.

அதற்குள் 1896 மாடல் கிராக் துப்பாக்கி ஒன்று ஏலத்துக்கு வருகிறது. பக்கவாட்டில் தோட்டாப் பெட்டியும் வெண்ணெய் போல் நழுவும் போல்ட்டும் கொண்ட, .30-40 தோட்டா சுடும் கிராக்தான் அமெரிக்க ராணுவத்தின் முதல் புகையில்லா மருந்துத் துப்பாக்கி. 1899க்கு முன் செய்தது என்பதால் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி பழம்பொருள். மாநிலச் சட்டத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். குழலின் உட்புறப் படங்களை அனுப்பச் சொல்லி விற்பவருக்கு எழுதியிருக்கிறேன். பள்ளங்கள் அரிக்காமல் இருந்தால் பித்தளைத் தகட்டு வேலை அடுத்த மாதத்துக்குத்தான்.