அம்மாவின் டிவிடி பிளேயர்

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் அம்மா வீட்டு டிவிடி பிளேயர் போன வாரம் நின்றுவிட்டது. அலமாரி நிறைய டிஸ்க்குகள். பாதி சென்னைக்குப் போனபோது வாங்கியவை. மீதி எங்கள் கல்யாணம், காவடி என்று வீட்டுப் பதிவுகள். இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காதவை. விலை குறைந்த, நல்ல பிளேயர் தேடி இரண்டு சனிக்கிழமை டர்பன் கடைகளில் அலைந்தேன்.

முதலில் பார்த்தது ரீஜன் எண், அதாவது டிஸ்க் உலகின் எந்தப் பகுதிக்கானது என்று காட்டும் எண். தென்னாப்பிரிக்காவுக்கு 2, இந்தியாவுக்கு 5. டிஸ்க் உறையின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைக்குள் அந்த எண் இருக்கும். 5 மட்டும் போட்ட டிஸ்க்கை 2-க்குப் பூட்டிய பிளேயர் ஏற்காது. அதனால் எல்லா எண்ணையும் ஏற்கும் மல்டி ரீஜன்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டேன்.

புளூரே பிளேயர் எடுக்கலாமே, அதில் டிவிடியும் ஓடுமே என்றான் தம்பி. சரிதான். ஆனால் அம்மாவிடம் ஒரு புளூரே டிஸ்க்கூட இல்லை, எதற்கு அந்தப் பணம்?

அப்புறம் வயர். அம்மாவின் பழைய டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைச் சொருகிகள்தான். புதிய டிவிகளுக்கான எச்டிஎம்ஐ சொருகி மட்டும் உள்ள பிளேயர் அதற்கு உதவாது. இரண்டும் இருப்பதையே எடுங்கள், நாளைக்கு டிவி மாறினாலும் கவலையில்லை.

கல்யாண டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பார்த்தேன். கணினியில் எழுதிய டிவிடி எல்லா பிளேயரிலும் ஒழுங்காக ஓடுவதில்லை. முதல் பிளேயர் திணறியது. இரண்டாவதில், அப்பா தாலியை எடுத்துக் கொடுக்கும் காட்சி தெளிவாக வந்தது. அதையே வாங்கிவிட்டேன்.

நேற்று இரவு அம்மா அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.